எம்.ஆர்.ஐ. இருக்கும்போது உடற்கூறு எதற்கு?

ஜூன் 4, காலை 10.20 | கேள்வி

பிசியோதெரபி முடித்துவிட்டு விளையாட்டுப் பிரிவில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியலை இளங்கலையில் இரண்டு முறை மனப்பாடம் செய்தேன், இரண்டு முறையும் மறந்தேன். இப்போது அதே பாடம் ‘செயல்சார்’ என்ற அடைமொழியோடு மறுபடி வருகிறது. அடிபட்ட வீரர்கள் எல்லோரும் கையில் எம்.ஆர்.ஐ. அறிக்கையோடுதான் வருகிறார்கள். உடற்கூற்றுக்குக் கொடுக்கும் நேரத்தைப் படம் பார்க்கக் கற்பதில் செலவிட்டால் போதாதா?

ஜூன் 4, இரவு 11.05

கேள்வியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் வீரர் மல்லாந்து படுத்திருக்கிறார். முழங்கால் சற்றே மடங்கியிருக்க, அரைமணி நேரம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள். அவருக்கு அடிபட்டதோ, ஓடிவந்த வேகத்தில் ஒற்றைக் காலை ஊன்றித் திரும்பிய கண்ணிமைப் பொழுதில். படுத்துக் கிடக்கும் காலைப் பார்த்து, திரும்பிய காலுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல வேண்டும் என்றால், கால் எப்படித் திரும்புகிறது என்பது முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் மறந்துபோன பட்டியல் செயல்சார் உடற்கூறு அன்று. முழங்காலுக்குள் தொடையெலும்பைக் கணைக்கால் எலும்போடு கட்டும் முன் சிலுவை லிகமென்டை, அதாவது ஏ.சி.எல்.லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடையெலும்பின் வெளிக்குமிழில், உட்பக்கச் சுவரின் பின்பகுதியில் தொடங்கி, முன்னும் உள்ளுமாகச் சரிந்து, கணைக்கால் எலும்பின் மேல்தளத்தில் பதிகிறது என்பது பட்டியல். அதில் இரண்டு கற்றைகள் உண்டு, கால் நீண்டிருக்கும்போது பின்-வெளிக் கற்றை இறுகியிருக்கும், மடங்க மடங்க அது தளர்ந்து முன்-உட்கற்றை இறுகும் என்பதுதான் செயல். இது தெரிந்தவருக்கு, கணைக்கால் எலும்பைக் கையால் முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையை 20 முதல் 30 பாகை மடக்கத்தில் ஏன் செய்கிறோம் என்பது பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பான மெனிஸ்கஸில் இருக்கிறது. முழங்காலை 90 பாகைக்கு மடக்கி இழுத்தால், உட்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பு கதவுக்கு அடியில் செருகிய ஆப்பைப்போல் நின்று எலும்பை முன்னே வரவிடாமல் தடுக்கிறது. அதனால் நார் அறுந்திருந்தும் கைக்குத் தெரியாமல் போகலாம்.

நாளைக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, முழங்காற்சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளியும், அதற்குக் கீழே கணைக்கால் எலும்பில் துருத்தியிருக்கும் மேட்டில் ஒரு புள்ளியும் வையுங்கள். காலை மெதுவாக முழுவதும் நீட்டுங்கள். கடைசி 20 பாகையில் கீழ்ப்புள்ளி வெளிப்பக்கமாக விலகும். மரையாணி கடைசிச் சுற்றில் இறுகுவதுபோல் முழங்கால் தன்னைப் பூட்டிக்கொள்வது அது. அசையாமல் படுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இந்த நகர்வு பதிவாவதில்லை.

ஜூன் 5, காலை 6.40

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ‘மெனிஸ்கஸும் ஜவ்வுதானே, லிகமென்டும் ஜவ்வுதானே’ என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். முழங்காலில் லிகமென்ட் கிழிந்தாலும் ஜவ்வு, மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, முதுகில் வட்டு (டிஸ்க்) பிதுங்கினாலும் ஜவ்வு விலகல். ‘நரம்பு’ இன்னும் மோசம். ரத்தக்குழாயும் நரம்பு, மெய்யான நரம்பும் நரம்பு, குதிகாலுக்கு மேலே தடித்த கயிறாகத் தொட்டுணரக் கிடைக்கும் அகில்லிஸ் தசைநாணும் ‘குதிகால் நரம்பு’. நாளிதழ்களோ லிகமென்டுக்கும் டெண்டனுக்கும் சேர்த்துத் தசைநார் என்று எழுதிவிடுகின்றன. இந்த இழையில் எலும்பை எலும்போடு கட்டுவதை லிகமென்ட் என்றும், தசையை எலும்போடு கட்டுவதைத் தசைநாண் என்றும் எழுதுகிறேன்.

வீரர் ‘ஜவ்வு போயிருச்சு’ என்று சொல்லிக்கொண்டே வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே விரலால் காட்டு. உள்ளங்கையை முழங்கால் முழுக்கப் படரவிடுகிறவருக்கு ஒரு பட்டியல், மூட்டு இடுக்கில் விரல் நுனியை வைக்கிறவருக்கு வேறு பட்டியல்.

ஜூன் 7, இரவு 10.30

அறிக்கையை நம்பி இருந்துவிடலாம் என்கிறவர்களுக்காக, நான் பார்த்த ஒரு காலைப்பற்றி எழுதுகிறேன். இருபத்தொரு வயது, கபடியில் பாடிப்போகிறவர். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இடது காலை ஊன்றியிருக்கிறார். மூலைக்காரர் அந்தக் கணுக்காலைப் பிடித்துவிட்டார். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் தனக்குக் கேட்டதாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டதாம், ஆனால் கபடி ஆடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழக்கம். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. அவ்வளவு விரைவாக வீங்கினால் உள்ளே கசிந்தது ரத்தம் என்று எண்ண வேண்டும். மறுநாள் சாவகாசமாக வீங்கினால் கதை வேறாகலாம்.

ஊரில் இரண்டு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்துவிட்டு என்னிடம் வந்தார். லாக்மன் செய்தேன். முதல் இரண்டு முறையும் ஒன்றும் தெரியவில்லை, ஏனெனில் வலிக்கு அஞ்சித் தொடையின் பின்தசைகளை இறுக்கி வைத்திருந்தார். அந்தத் தசைகள் கணைக்கால் எலும்பைப் பின்னுக்கு இழுப்பவை, அதாவது ஏ.சி.எல். செய்ய வேண்டிய வேலையைத் தற்காலிகமாக அவை செய்துகொண்டிருந்தன. என் தொடையை அவருடைய தொடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, அவருடைய அணி அந்த ஆண்டு யாரிடம் தோற்றது என்று பேச்சுக் கொடுத்து, அவர் கோபமாக விளக்கிக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறை இழுத்தேன். எலும்பு வந்தது, நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினேன். வந்த அறிக்கை, ‘ஏ.சி.எல். தொடர்ச்சியாக உள்ளது, உட்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பில் இரண்டாம் நிலைச் சமிக்ஞை (கிழிசல் அளவுக்குப் போகாத வெளுப்பு), எலும்பில் கன்றல்’ என்றது. அறிக்கையைப் பார்த்த பயிற்சியாளர் பத்து நாளில் களத்தில் இறக்கிவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார். கை சொன்னதை நம்பி நான் மறுத்தேன். பிறகு அறுவை அரங்கில் மயக்க நிலையில் சோதித்தபோது முழங்கால் வழுக்கி விலகி மீண்டும் பொருந்தியது. நார் தொடையெலும்புப் பக்கமாகவே பிய்ந்திருந்தது. படத்தைப் படித்தவருக்கு முழங்காலின் இயக்கம் தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஜூன் 9, இரவு 9.15

மேலே எழுதிய கடைசி வரிக்குத் திட்டு வந்திருக்கிறது. ரேடியாலஜி படிக்கும் ஒருவர், ‘நீங்கள் பிழையே செய்ததில்லையா’ என்று கேட்கிறார். செய்திருக்கிறேன், எண்ணிக்கையில் அடங்காது. மூன்றை மட்டும் சொல்கிறேன், மூன்றும் உடற்கூறு மறந்ததால் வந்தவை.

முதலாவது, பயிற்சிக் காலத்தில் ஒரு கால்பந்து வீரரின் முழங்கால் படத்தில் வெளிப்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்புக்கும் மூட்டுறைக்கும் நடுவே பளிச்சென்று ஒரு கோட்டைக் கண்டேன். கிழிசல் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தேன். அது பாப்லிட்டியஸ் தசைநாண் கடந்துபோகும் இடைவெளி. நான்காம் தேதிக் குறிப்பில் பூட்டைப்பற்றி எழுதினேன் அல்லவா, அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி இந்தப் பாப்லிட்டியஸ்தான். நீட்டிய காலை மடக்கத் தொடங்கும்போது அதுதான் எலும்பைத் திருப்பி விடுவிக்கிறது. அதைச் செய்ய வேண்டுமானால் தொடையெலும்பின் வெளிப்பக்கத்தில் அது பிடிப்பு வைத்திருக்க வேண்டும், அங்கே போய்ச் சேர மெனிஸ்கஸைத் தாண்டியாக வேண்டும், தாண்டும் இடத்தில் வழி இருக்க வேண்டும். இதை யோசித்திருந்தால் வழியைக் கிழிசல் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது, முழங்காற்சில்லின் மேல்-வெளி மூலையில் தனித்துண்டு ஒன்றோடு வந்த வாலிபால் ஆட்டக்காரர். வேறோர் ஊரில் முறிவு என்று மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். நானும் தொடர்ந்து போடச் சொல்லிவிட்டேன். துண்டின் விளிம்பு உருண்டு வழவழப்பாக இருந்ததையும், முறிவானால் அது கூராக இருந்திருக்கும் என்பதையும் ஒரு மூத்த செவிலியர்தாம் மெல்ல எடுத்துச் சொன்னார். மற்ற முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்தோம். அதிலும் அதே மூலையில் அதே துண்டு. வளரும்போது ஒன்றுசேராமல் சில்லு இரண்டாகவே நின்றுவிடும் சிலரில் அவரும் ஒருவர்.

மூன்றாவது, தோள்பட்டையில் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் எலும்பில் பதிவதற்குச் சற்று முன்னால் தெரிந்த வெளுப்பு. தசைநாணும் லிகமென்டும் படத்தில் கருப்பாகத் தெரிய வேண்டியவை, ஏனெனில் அவற்றின் கொலாஜன் இழைகள் நீரை இறுக்கிப் பிடித்திருப்பதால் சமிக்ஞை உடனே அடங்கிவிடுகிறது. ஆனால் இழைகள் காந்தப் புலத்துக்கு 55 பாகைச் சாய்வில் அமைந்தால், எந்தக் காயமும் இல்லாமலே அந்த இடம் வெளுத்துக் காட்டும். தசைநாண் வளைந்து திரும்பும் இடங்களில் எல்லாம் இந்த வேடிக்கை உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறைகளில் ஒன்றான டி-2 படத்தில் இந்த வெளுப்பைக் கண்டு நானும் ஏமாந்தேன்.

ஜூன் 10, காலை 7.00

திருத்தம். நேற்றைய கடைசி வரியில் டி-2 என்று எழுதியது தவறு. இந்தக் கோண மயக்கம் எதிரொலி நேரம் (சமிக்ஞையைப் பிடிக்கக் காத்திருக்கும் நேரம்) குறைவான டி-1, புரோட்டான் அடர்த்திப் படங்களில்தான் வரும். எதிரொலி நேரம் நீண்ட டி-2 படத்தில் அது மறைந்துவிடும், மெய்யான கிழிசலோ அங்கும் வெளுப்பாகவே நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் கற்ற பாடம், அதையே தலைகீழாக எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டியவர் அதே ரேடியாலஜி மாணவர்.

ஜூன் 15, மாலை 5.50

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: ‘அப்படியானால் படத்தைவிடப் பிணவறைதான் பெரிது என்கிறீர்களா?’ பெரிது, சிறிது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பால் செகோன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் கதை இங்கே பொருந்தும். அவர் 1879இல் பிணங்களின் முழங்கால்களை வலுக்கட்டாயமாக உள்நோக்கித் திருகிப் பார்த்து, கணைக்கால் எலும்பின் மேல்-வெளி விளிம்பிலிருந்து ஒரு சிறு சில்லு பெயர்ந்து வருவதைக் கண்டார். அந்தச் சில்லைப் பிடித்து இழுத்தது முத்துநிறத்தில் வலுவாக இருந்த ஒரு நார்ப்பட்டை என்றும் எழுதிவைத்தார். ராண்ட்கன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். அதாவது எக்ஸ்ரே பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, இன்று நாம் எக்ஸ்ரேயில் தேடும் ஓர் அடையாளம் கையால் கண்டறியப்பட்டுவிட்டது. இன்றும் முழங்கால் எக்ஸ்ரேயில் அந்த நகத்துணுக்கு அளவுச் சில்லைப் பார்த்தால், பெரும்பாலும் ஏ.சி.எல். அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறோம். எக்ஸ்ரேயில் நார் தெரியாது, ஆனால் நார் அறுந்த செய்தி எலும்பின் விளிம்பில் தெரிகிறது.

பிறகு நூற்று முப்பது ஆண்டுகள் அந்தப் பட்டையை அநேகமாக எவரும் பொருட்படுத்தவில்லை. 2013இல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்துக் குழு 41 முழங்கால்களை அறுத்துப் பார்த்து, 40இல் அது தனி லிகமென்டாக இருப்பதாகக் காட்டியது. ‘மனித உடலில் புதிய ஜவ்வு கண்டுபிடிப்பு’ என்று உலகம் முழுவதும் செய்தி போட்டார்கள். அது தனி லிகமென்ட்தானா, மூட்டுறையின் தடித்த பகுதிதானா என்று இன்றும் வல்லுநர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்த நாம் எல்லோரும் அதன் மேலாகவே பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

ஜூன் 19, இரவு 11.40

இன்று ஒரு தந்தை தம் மகனின் முதுகு எம்.ஆர்.ஐ.யைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, ‘பதினேழு வயதிலேயே வட்டு தேய்ந்துவிட்டதாம், கிரிக்கெட்டை நிறுத்திவிடவா’ என்று கேட்டார். பையன் வலக்கை வேகப்பந்து வீச்சாளர்.

இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகுப் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தென்படுகிறது, எண்பது வயதில் அது 96 விழுக்காடு. நரைமுடியை எவரும் நோய் என்று எழுதுவதில்லை, வட்டின் நரையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறோம். முழங்காலிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரைப் படமெடுத்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய மாதத்தில் வலியோ விறைப்போ இல்லை. ஆகவே அந்தத் தந்தையிடம் தேய்மானத்தைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டுப் பையனை இடது காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னேன். முகம் சுளித்து இடுப்பின் இடது பக்கத்தை ஒரே விரலால் காட்டினான். வலக்கை வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் முதுகு ஒரே சமயத்தில் பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, திருகவும் செய்கிறது. அந்த அழுத்தம் எல்லாம் முள்ளெலும்பின் மேல், கீழ் இணைப்புகளுக்கு நடுவேயுள்ள குறுகிய எலும்புப் பாலத்தில் வந்து இறங்குகிறது, அதுவும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். டென்னிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகு உடைந்து திரும்பியதும், ஜஸ்பிரித் பும்ரா 2019இல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டதும் முதுகெலும்பின் இதே வகை அயர்ச்சி முறிவால்தான். தொடக்க நிலையில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். முறியப்போகும் எலும்பு நீர்கோத்து வெளுத்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது, நான்காம் இடுப்பு முள்ளெலும்பில், இடப்பக்கத்தில். அறிக்கையில் தேய்மானம் முதல் வரியில் இருந்தது, இந்த வெளுப்பு ஐந்தாவது வரியில்.

இனி எவராவது ‘வட்டு தேய்ந்திருக்கிறது’ என்று வந்தால், ஆறுதல் சொல்லும் முன் அவரைப் பின்னால் வளையச் சொல்வேன். இன்று முந்திரிக்கொட்டையாக முதலில் ஆறுதல் சொல்லிவிட்டேன். தந்தை படியிறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 28, காலை 6.15

படத்தை அளவுக்கு மேல் நம்பியதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நானூறு மீட்டர் ஓட்டக்காரி ஒருவர், தொடையின் பின்தசைக் காயம், பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலை. ஓட்டத்தில் கால் முன்னே வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகும் முன்பு, இடுப்பு மடங்கி முழங்கால் நீளும் கணத்தில், இரண்டு மூட்டுகளையும் தாண்டிப் போகும் இந்தத் தசை நீண்டுகொண்டே காலை நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். ஆறாவது வாரத்தில் அவருக்கு வலி இல்லை, வலிமை மறுகாலுக்குச் சமமாக இருந்தது, முழு வேகத்தில் ஓடினார். நான் ‘உறுதிசெய்துகொள்ள’ ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். காயம்பட்ட இடம் இன்னும் வெளுத்திருந்தது. மூன்று வாரம் ஓடவிடவில்லை, மாநிலப் போட்டி தவறிப்போனது.

2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றைப் பிற்பாடுதான் படித்தேன். பின்தசைக் காயம் ஆறிக் களம் திரும்பத் தகுதி பெற்ற 53 பேரைப் படமெடுத்ததில் 89 விழுக்காட்டினருக்கு வெளுப்பு அப்படியே இருந்தது. அந்த வெளுப்பை வைத்து எவரையும் நிறுத்தக்கூடாது என்பதை அந்தப் பெண்ணிடம் நேரில் சொன்னேன். ‘சரி சார்’ என்று மட்டும் சொன்னார்.

ஒரு விலக்கு: காயம் தசை இழையில் நில்லாமல் உள்ளே ஓடும் தசைநாணுக்குள் போயிருந்தால் ஆறுவதற்கு நாள் கூடும், திரும்பக் கிழியவும் வாய்ப்புக் கூடும். பிரிட்டிஷ் தடகள மருத்துவர்கள் 2014இல் வகுத்த தரவரிசையில் அதற்குத் தனி எழுத்தே கொடுத்திருக்கிறார்கள். காயம் எந்த இழையத்தில் என்பதை முதல் வாரப் படம் சொல்லும். எப்போது ஓடலாம் என்பதை ஆறாம் வாரப் படத்திடம் நான் கேட்டிருக்கக் கூடாது.

ஜூலை 6, இரவு 10.10

அல்ட்ராசவுண்டை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இருவர் கேட்கிறார்கள். உண்மையில் நம் துறைக்கு அதுதான் நெருங்கிய கருவி, ஏனெனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீரரை அசையச் சொல்லலாம். தசைநாண் வழுக்குவதும் தடுக்குவதும் கண்முன்னே நடக்கும். ஆனால் நம் நாட்டில் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கருவியும் இடத்தோடு சேர்த்துப் பதிவாக வேண்டும், பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்ப முடியாது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது தெரிந்த எவரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். நம் வேலை கொஞ்சம் கடினமாகிறது, அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ.யின் 55 பாகை மயக்கத்துக்கு இங்கே ஓர் உறவினர் உண்டு. ஒலிக்கற்றை தசைநாணுக்குச் செங்குத்தாக விழாவிட்டால் நல்ல தசைநாணும் கருத்துக் காட்டும், புதியவர் அதைக் கிழிசல் என்பார். அங்கே வெளுப்புப் பொய், இங்கே கருப்புப் பொய்.

அகில்லிஸ் பற்றி ஒன்று. நாற்பதைத் தாண்டிய ஒரு இறகுப்பந்து ஆட்டக்காரர், ‘பின்னாலிருந்து யாரோ உதைத்தார்கள், திரும்பிப் பார்த்தால் யாருமில்லை’ என்று வந்தார். முதலில் பார்த்த இடத்தில், பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது, எனவே சுளுக்குதான் என்று அனுப்பிவிட்டார்கள். அழுத்த முடிந்ததற்குக் காரணம், கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் மற்றத் தசைகளும் அந்த வேலையைச் சிறிதளவு செய்யும். அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தேன். நல்ல காலில் பாதம் தலையசைத்தது, அடிபட்ட காலில் அசையவே இல்லை. பிறகு அல்ட்ராசவுண்டில் இடைவெளிக்கு நடுவே ஒரு மெல்லிய இழை அறுபடாமல் கிடந்தது, உடனிருந்தவர் ‘பாதி கிழிசல்’ என்றார். அது பிளாண்டாரிஸ், அகில்லிஸின் உட்பக்கமாகத் தன்பாட்டுக்கு ஓடும் தனித் தசைநாண். பட்டியலில் அதை மனப்பாடம் செய்தபோது இவ்வளவு மெல்லிய தசையால் யாருக்கு என்ன பயன் என்று நானும் கேட்டிருக்கிறேன். பயன் இதுதான் போலிருக்கிறது: நம்மை ஏமாற்றுவது.

ஜூலை 14, இரவு 11.55

ஜூன் 7ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்தக் கபடி வீரரின் படத்தை இந்த இழைக்காகவே தேடி எடுத்து, எனக்குத் தெரிந்த ரேடியாலஜி மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். பக்கவாட்டுத் துண்டங்களில் நார் ஒரு கோடாகத் தொடர்வதுபோலத்தான் தெரிகிறது, அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்பக்க வெட்டுப் படத்துக்குப் போய், தொடையெலும்பின் இரு குமிழ்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்தின் வெளிச்சுவரைக் காட்டினார். நார் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் நீர்தான் வெளுத்து நின்றது. அறுந்த நுனி கீழே சரிந்து பின் சிலுவை லிகமென்டின் மேல் சாய்ந்திருந்ததால், பக்கவாட்டில் பார்த்தபோது தொடர்ச்சி இருப்பதுபோல் தோன்றியிருக்கிறது. பிறகு அறிக்கையில் ‘எலும்பில் கன்றல்’ என்று ஒற்றை வரியில் போயிருந்ததைப் பெரிதாக்கினார். வெளிக்குமிழின் நடுவில் ஒரு கன்றல், கணைக்கால் எலும்பின் பின்-வெளி மூலையில் ஒரு கன்றல். படுத்திருக்கும் காலில் அந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று எதிரே இல்லை. கணைக்கால் எலும்பு முன்னே வழுக்கித் திரும்பினால் மட்டுமே அவை மோத முடியும். ஏ.சி.எல். பிடித்திருக்கும்வரை அப்படி வழுக்க முடியாது.

முதல் குறிப்பில், எம்.ஆர்.ஐ.யில் நகர்வு பதிவாவதில்லை என்று எழுதினேன். பதிவாகியிருந்தது. அடிபட்ட கணம் இரண்டு கறைகளாக அந்த எலும்புகளில் உட்கார்ந்திருந்தது, அதை வாசிக்க அவர்கள் மட்டுமல்லாமல் நானும் தவறியிருந்தேன். அன்று நான் படத்தைப் பார்க்கவே இல்லை, அறிக்கையை மட்டுமே பார்த்தேன்.

அந்த மருத்துவர் கடைசியாகக் கோப்பின் முதல் தாளைத் திருப்பினார். ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டு. என் கையெழுத்தில், ‘இடது முழங்கால் வலி. எம்.ஆர்.ஐ.’ என்று இருந்தது. கணுக்கால் பிடிபட்டதோ, சத்தம் கேட்டதோ, இரண்டு மணி நேரத்தில் வீங்கியதோ, மூன்றாவது இழுப்பில் எலும்பு நிற்காமல் வந்ததோ எதுவும் இல்லை. இத்தனையும் தெரிந்துவைத்துக்கொண்டு ஒன்றையும் எழுதாமல், அறிக்கை எழுதியவருக்கு முழங்காலின் இயக்கம் தெரியவில்லை என்று இங்கே ஐந்து வாரமாக நிறுத்திவைத்திருந்தேன். ரேடியாலஜி மாணவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜூலை 16, காலை 6.30

இப்போது சீட்டில் என்னதான் எழுதுகிறீர்கள் என்று முதலில் கேள்வி கேட்டவர் கேட்கிறார். நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘வலது முழங்கால். 19 வயது, கைப்பந்து. நான்கு நாள் முன் ஒற்றைக் காலில் தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிந்தது. உடனே வீக்கம். லாக்மனில் மறுகாலைவிடக் கூடுதல் நகர்வு, நிறுத்தம் மென்மை. உட்பக்க மூட்டு இடுக்கில் ஒற்றை விரல் வலி. பள்ளத்தின் வெளிச்சுவரையும், கன்றல் இருந்தால் அதன் இடத்தையும் தனியாகக் குறிப்பிட வேண்டுகிறேன். படத்தைப் பார்க்க மாலை 5 மணிக்கு நானே வருகிறேன்.’

வரவேற்பில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவையும் கணினியில் ஏற்ற இடமில்லை, ‘முழங்கால் வலி’ என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சீட்டைத் திரும்ப வாங்கி, பின் போட்டு ஃபிலிம் உறையோடு சேர்த்துக் குத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.